கொரிய மொழியில் 'கடினம்' என்பதற்கு என்ன சொல்? 'ஒர்யொப்தா' எப்படி 'ஒர்யொவொயோ' ஆகிறது?

கேட்டவருக்கு இருக்கும் சிக்கல் இதுதான்: அகராதியில் 'ஒர்யொப்தா' என்று போட்டிருக்கிறது, கொரியத் தொலைக்காட்சித் தொடர்களில் எல்லாரும் 'ஒர்யொவொயோ' என்கிறார்கள், நடுவில் இருந்த 'ப்' எங்கே போனது, போதாததற்கு 'ஹிம்துரொயோ' என்று இன்னொன்றும் காதில் விழுகிறது, அதற்கும் கஷ்டம் என்றுதான் அர்த்தம் போடுகிறார்கள், எதை எப்போது சொல்வது?

நான் தென்கொரியாவின் தேஜோன் நகரத்தில் ஆய்வு மாணவனாக ஐந்து வருடம் இருந்தவன். இந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் பிடிக்க எனக்கு முதல் வருடம் முழுக்க ஆனது. ஆங்கிலப் பாடப் புத்தகம் வழியாகப் போனதுதான் காரணம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். தமிழ் தெரிந்தவருக்கு இதற்குள் நுழைய நேர்வழி இருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. இங்கே நான் 'ஒ' என்று குறிலாக எழுதும் இடத்தில் உதட்டைக் குவிக்காமல் வாயைக் கொஞ்சம் திறந்து சொல்லுங்கள், 'ஓ' என்று எழுதும் இடத்தில் நன்றாகக் குவியுங்கள், கொரிய மொழியில் இவை இரண்டு தனித்தனி உயிரெழுத்துகள். 'ஹிம்துரொயோ'வின் அகராதி வடிவமான 'ஹிம்துல்தா'வில் வரும் 'து' நம் குற்றியலுகரம் மாதிரி, 'காது', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருமே, அந்த ஒலி. வேறு மொழிக்காரர்கள் இந்த ஒலிக்குத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன், நமக்கு வாயிலேயே இருக்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். 'ஒர்யொப்தா' என்பது பெயரடை என்று புத்தகம் சொல்லும், ஆனால் அது வினைச்சொல் மாதிரியே நடக்கும், காலம் காட்டும், மரியாதை காட்டும், வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் யோசித்தால் 'இருக்கிறது' என்பதற்கு ஒரு சொல்லைத் தேடுவோம். நானும் தேடினேன், அந்த 'இருக்கிறது'க்கு ஒரு கொரிய வினையைக் கொண்டுவந்து பின்னால் ஒட்டிப் பல மாதம் பேசினேன். அப்படி ஒன்று அங்கே தேவையே இல்லை. பள்ளிக்கூடத்தில் குறிப்பு வினைமுற்று என்று படித்தோமே, 'வழி அரிது', 'பாடம் எளிது' என்று ஒரே சொல்லில் வாக்கியம் முடிந்துவிடுகிறதே, அதுதான் இது. 'ஒர்யொப்தா' என்றால் அரிது. பெயருக்கு முன்னால் வரும்போது 'ஒர்யொவுன்', அதாவது அரிய. எதிர்ச்சொல் 'ஷ்விப்தா' என்றால் எளிது, 'ஷ்விவுன்' என்றால் எளிய. அரிது-அரிய, எளிது-எளிய, ஒர்யொப்தா-ஒர்யொவுன், ஷ்விப்தா-ஷ்விவுன் என்று இரண்டு மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், எனக்கு அன்றைக்கே பயம் போய்விட்டது. ஒரே வித்தியாசம், நம் குறிப்பு வினை காலத்தை வெளிப்படையாகக் காட்டாது, கொரியச் சொல் காட்டும்: 'ஒர்யொவொஸ்ஸொயோ' என்றால் கடினமாக இருந்தது.

சரி, 'ப்' எங்கே போனது? விதி சின்னதுதான். பின்னால் வரும் விகுதி மெய்யில் தொடங்கினால் 'ப்' அப்படியே நிற்கும், உயிரில் தொடங்கினால் வகரமாக இளகிவிடும். 'ஒர்யொப்சும்நிதா' (மரியாதையாக, கடினம்), 'ஒர்யொப்ஜி அனாயோ' (கடினமில்லை), 'ஒர்யொப்கே' (கஷ்டப்பட்டு) எல்லாவற்றிலும் 'ப்' உண்டு. 'ஒர்யொவொயோ', 'ஒர்யொவுன்', 'ஒர்யொவும்யொன்' (கடினமாக இருந்தால்) இவற்றில் இல்லை. கோபம் என்று எழுதிவிட்டுக் கோவம் என்று பேசுகிறோமே, இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பகரம் வகரமாக வழுக்குகிறது, இங்கேயும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது, எழுத்திலும் அப்படியே ஏறிவிட்டது, அவ்வளவே. தொடர் பார்ப்பவர்களுக்கு இது முன்பே தெரியும், கவனித்திருக்க மாட்டார்கள்: 'கோமாப்சும்நிதா', 'கோமாவொயோ' இரண்டும் நன்றிதானே, அதே 'ப்', அதே 'வொ'. காரத்துக்கு 'மெப்தா', 'மெவொயோ'. குளிருக்கு 'ச்சுப்தா', 'ச்சுவொயோ'. 'ப்' இருக்கும் எல்லாச் சொல்லும் இப்படிப் போகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உடுத்துவது 'இப்தா', அது 'இபொயோ'தான். குறுகலாக இருப்பது 'ஜோப்தா', அது 'ஜோபாயோ'. இந்த இரண்டாவது கூட்டத்தைச் சொல் சொல்லாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும், வழியில்லை.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பழகுகிற பலரும் இதையே செய்கிறார்கள். தேஜோனில் யுசோங் என்று ஒரு பகுதி, அங்கே தேதி 4-லும் 9-லும் முடிகிற நாள்களில் சந்தை கூடும். தரையில் தார்ப்பாய் விரித்துக் கீரை, பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் குவித்துவைத்திருப்பார்கள். பசலைக்கீரை விற்கும் ஒரு பாட்டியிடம் வழக்கமாக வாங்குவேன். அவர் எனக்குக் கொரிய மொழி எப்படி இருக்கிறது என்று கேட்டார், நான் 'ஹங்குங்மாரி ஒர்யொயோ' என்றேன். 'ப்' விழுந்துவிடும் என்று மட்டும் நினைவில் இருந்தது, அதற்குப் பதிலாக வகரம் வர வேண்டும் என்பது மறந்துபோனது. பாட்டி கீரைக் கட்டைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்து 'நுகா ஒர்யொ?' என்று கேட்டார். யார் சின்னப் பிள்ளை என்று அர்த்தம். 'ஒரிதா' என்று வேறொரு சொல் இருக்கிறது, வயதில் சின்னது, இளையது என்று பொருள், அதன் பேச்சு வடிவம்தான் 'ஒர்யொயோ'. ஆக, கொரிய மொழி சின்னப் பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன். அவர் கீரைக் கட்டாலேயே தாளம் போட்டு 'ஒ-ர்யொ-வொ-யோ' என்று நான்கு அசையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். அந்த மூன்றாவது அசையை அதற்குப் பிறகு நான் விட்டதே இல்லை.

இந்த 'ஒரிதா'வுக்கு ஒரு பழைய கதை உண்டு. சேஜோங் அரசர் 1446-இல் கொரிய எழுத்துமுறையை வெளியிட்டபோது எழுதிய முன்னுரையின் கொரிய வடிவம் 1459-இல் அச்சான ஒரு பௌத்த நூலோடு சேர்ந்து வந்தது. அதில் 'ஒரின்' மக்கள் சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள் என்று வரும். அங்கே 'ஒரின்' என்றால் இளைய என்று பொருள் இல்லை, அறியாத, விவரம் இல்லாத என்று பொருள். சொல் அப்புறம்தான் வயதுப் பக்கம் நகர்ந்தது. அதே முன்னுரையில், எல்லாரும் 'எளிதாக'க் கற்றுக்கொள்ளட்டும் என்ற இடத்தில் நம் 'ஷ்விப்தா'வின் பழைய வடிவம் வருகிறது. அதை எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள், பகர எழுத்தின் கீழே ஒரு சிறு வட்டம் போட்டது. பகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவான ஒலி அது. 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த ஒலி பேச்சிலிருந்து மறைந்தது, பெரும்பாலான இடங்களில் வகரமாகிவிட்டது. இன்றைக்கு நாம் 'ஒழுங்கற்ற வினை' என்று புலம்பிக்கொண்டு மனப்பாடம் செய்வது அந்த ஒலி விட்டுப்போன தடம்தான். புசான் பக்கம் போனால் வயதானவர்கள் குளிருக்கு 'ச்சுவொ' என்று சொல்லாமல் 'ச்சுபொ' என்று பகரத்தோடே சொல்வதைக் கேட்கலாம், தென்கிழக்கு வட்டார வழக்கில் அது வகரமாகாமலே நின்றுவிட்டது. எனக்கு இது தெரிந்த பிறகு இந்த விதி மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

அடுத்தது 'ஹிம்துல்தா'. இங்கே நம்மைக் குழப்புவது நம் 'கஷ்டம்'தான். கணக்கு கஷ்டம் என்கிறோம், மூட்டை தூக்குவது கஷ்டம் என்கிறோம், அவள் போன பிறகு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்கிறோம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். கொரியர்கள் பிரிக்கிறார்கள். 'ஹிம்' என்றால் வலிமை, தெம்பு. அது செலவாகிறது, உடம்பையோ மனதையோ வாட்டுகிறது என்றால் 'ஹிம்துரொயோ'. புரியவில்லை, செய்ய வரவில்லை, திறமை தேவைப்படுகிறது என்றால் 'ஒர்யொவொயோ'. தேர்வுத்தாள் ஒர்யொவொயோ, தேர்வுக்காக மூன்று நாள் தூங்காமல் இருந்தது ஹிம்துரொயோ. தட்டு கழுவுவதில் புரியாதது எதுவும் இல்லை, ஆனால் கல்யாண வீட்டுத் தட்டு முழுக்கக் கழுவினால் ஹிம்துரொயோ. சில இடங்களில் இரண்டும் பொருந்தும், 'கொரிய மொழி ஹிம்துரொயோ' என்று சொன்னால் படித்துப் படித்து ஓய்ந்துபோனேன் என்ற தொனி வரும். கஷ்டம் என்று வாயில் வரும்போது அதைச் சிரமம் என்று மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் பெரும்பாலும் ஹிம்துல்தா. ஒரே ஒரு விலக்கு, பணக் கஷ்டம். குடும்ப நிலைமை ஒர்யொவொயோ என்றால் வறுமை என்று அர்த்தம், வருடக் கடைசியில் தர்ம வசூல் அறிவிப்புகளில் 'ஒர்யொவுன் இவுத்' என்று பார்க்கலாம், கஷ்டப்படுகிற அக்கம்பக்கத்தார்.

புத்தகத்தில் இல்லாத ஒன்று. ஒரு அலுவலகத்தில் படிவம் கொடுக்கக் கடைசித் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் தலையை லேசாகச் சாய்த்து 'கு கொன் ஜோம் ஒர்யொவுல் க்கொத் கத்சும்நிதா' என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அது கொஞ்சம் கடினமாக இருக்கும் போலிருக்கிறது'. கடினம்தான், ஆனாலும் முயற்சி செய்வார் என்று எடுத்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தேன். தேதி போய்விட்டது. அந்த வாக்கியம் முடியாது என்று மரியாதையாகச் சொல்வது, அதில் 'பார்க்கலாம்' எதுவும் கிடையாது. நம் ஊரிலும் 'கொஞ்சம் கஷ்டம்ங்க' என்று இழுப்பார்கள், ஆனால் இன்னொரு தடவை கேட்டால் கதவு திறக்கலாம் என்ற நினைப்பு நமக்கு உண்டு. அங்கே ஜோம் என்ற சொல்லும் ஒர்யொவுல் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் மேலே கேட்க வேண்டாம், வேறு வழி பாருங்கள்.

மனிதர்களுக்கும் இந்தச் சொல் வரும். மாமியார் 'ஒர்யொவொயோ' என்று ஒரு பெண் சொன்னால் அவர் முன்னால் இயல்பாக இருக்க முடியவில்லை, மட்டு மரியாதையோடு நிற்க வேண்டியிருக்கிறது என்று பொருள், குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதிலிருந்து வந்ததுதான் 'ஒர்யொவொஹாஜி மாசேயோ', கூச்சப்படாதீர்கள். அந்தக் கீரைப் பாட்டி பின்னொரு நாள் சீமைப் பனிச்சைப் பழம் ஒன்றைத் துடைத்து நீட்டினார், நான் தயங்கினேன், 'ஒர்யொவொஹாஜி மால்கோ மொகொ' என்றார், கூச்சப்படாமல் சாப்பிடு. அன்றைக்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக, வினையோடு சேர்ப்பது. வினையடியில் 'கி' சேர்த்துப் பக்கத்தில் இதைப் போட்டால் போதும்: 'மித்கி ஒர்யொவொயோ', நம்புவது கடினம். 'இல்க்கி ஒர்யொவொயோ', படிக்கக் கடினம். இதற்கும் தமிழில் அச்சாக ஒன்று இருக்கிறது, கிடைத்தற்கரிய, மறத்தற்கரிய. 'குஹாகி ஒர்யொவுன்' என்றால் கிடைத்தற்கரிய, 'இத்கி ஒர்யொவுன்' என்றால் மறத்தற்கரிய, சொல் வரிசைகூட மாறவில்லை பாருங்கள். 'எனக்கு' என்று தொடங்கத் தோன்றும்போது மட்டும் 'ஜொனுன்' என்று தொடங்குங்கள், 'நானோ' என்பது மாதிரி: 'ஜொனுன் ஹங்குங்மாரி ஒர்யொவொயோ'. 'எனக்கு' என்றே சொன்னாலும் தவறில்லை, ஆனால் இதுதான் இயல்பாக ஒலிக்கும்.

டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. முதல் கட்டத் தேர்வில் கேட்பதும் படிப்பதும் மட்டும்தான், 200-க்கு 140 வாங்கினால் 2ஆம் நிலை கிடைத்துவிடும், அதனால் பலர் இந்த வடிவங்களைக் கண்ணால் அடையாளம் கண்டுகொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் கட்டத்தில் எழுத்துப் பகுதி வந்ததும் 'ப்'பும் 'வொ'வும் கையில் தடுமாறும். இப்போதே நோட்டு எடுத்து உங்கள் நாளைப் பற்றித் தினம் நான்கு வரி எழுதுங்கள், எது ஒர்யொவொஸ்ஸொயோ, எது ஹிம்துரொஸ்ஸொயோ, எது ஷ்விவொஸ்ஸொயோ என்று. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனதில் தொடங்கலாம், அது ஹிம்துரொஸ்ஸொயோ.