வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸா, தூதரகமா?

முதலில் போலீஸ். புகார் கொடுத்ததற்கான எழுத்துச் சான்றை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள், ஏனென்றால் தூதரகம், குடியேற்றத் துறை, காப்பீட்டு நிறுவனம் எல்லாருமே பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் உங்கள் நாட்டின் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். தன் குடிமக்களுக்குப் பயண ஆவணம் கொடுப்பது தூதரகப் பணி என்று 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தமே சொல்கிறது, அதனால் தயங்காமல் கேளுங்கள். அவசரம் என்றால் ஊர் திரும்ப மட்டும் தற்காலிக ஆவணம் தருவார்கள். வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் அந்த நாடு அதை ஏற்குமா என்று டிக்கெட் போடும் முன்பே விசாரியுங்கள்.

பலர் கோட்டை விடுவது விசாவில்தான். அது பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டிருக்கும், ஆகவே நாட்டை விட்டு வெளியேறத் தனி அனுமதி தேவையா என்று குடியேற்ற அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, புகார் கொடுத்த பிறகு பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் தயவுசெய்து அதில் பயணம் செய்யாதீர்கள். தொலைந்த ஆவணங்களுக்காக 2002 முதல் இன்டர்போல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. உங்கள் எண் அதில் ஏறியிருந்தால் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள்.