மகனின் பழைய கம்ப்யூட்டரும் நின்றுபோன நெட்டும்

அன்புள்ள அம்மா,

பையன் செமஸ்டர் நேரத்திலும் ராத்திரி ஒரு மணி வரை பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், போன வாரம் வீட்டில் எல்லார் போனிலும் நெட் நின்றுவிட்டது, இதெல்லாம் உருப்படுமா என்று கேட்டிருந்தீர்கள். அவனிடம் அரைமணி நேரம் பேசினேன். உருப்படும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு மூன்று வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுகிறான். ஒரே பெட்டிக்குள் மூன்று கம்ப்யூட்டர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை வீட்டு ரவுட்டரோடு பேச நடுவில் ஒரு பிரிட்ஜ் வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவும்போதே விஎம்பிஆர்0 என்று ஒன்று வந்துவிடும். அது பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச் மாதிரி; வெளியே போகும் லேன் கேபிளும் அதோடுதான் சேர்ந்திருக்கும்.

ஒரு மெஷினில் டிஹெச்சிபி சர்வர் போட்டுப் பழகியிருக்கிறான். ஒவ்வொரு போனுக்கும் ‘உன் முகவரி இது, வெளியே போகும் வழி இது’ என்று சொல்வது அதன் வேலை. வழக்கமாக ரவுட்டர்தான் சொல்லும். இவன் மெஷினும் அதே பிரிட்ஜில் இருந்ததால், உங்கள் போன் கேட்டதும் அது முந்திக்கொண்டு தப்பான வழியைச் சொல்லிவிட்டது. அலுவலகத்தில் யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து மாற்றிச் செருகினாலும் இதே கதிதான். அதைத் தடுக்க சுவிட்சில் போடும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற காவல், நெட்வொர்க் வேலைக்குப் படிக்கும் சிசிஎன்ஏ சான்றிதழின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் மகன் பாடத்துக்கு முன்பே பிரச்சினையைப் பார்த்துவிட்டான்.

இனி விஎம்பிஆர்1 என்று இன்னொரு பிரிட்ஜ் உருவாக்கி, எந்த லேன் கேபிளோடு சேர வேண்டும் என்று கேட்கும் போர்ட் இடத்தைக் காலியாக விட்டு, அந்த டிஹெச்சிபி மெஷினை அதில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெளியே கேபிள் இல்லாததால், உள்ளே எது கெட்டாலும் உங்கள் போனுக்கு வராது. எதை மாற்றினான், எது நின்றது, எப்படிக் கண்டுபிடித்தான் என்று ஒரு நோட்டில் எழுதவும் சொன்னேன். இன்டர்வியூவில் டிஹெச்சிபி பற்றிக் கேட்டால் மற்றவர்கள் மனப்பாடம் ஒப்பிப்பார்கள். இவனுக்குச் சொல்ல ஒரு சம்பவம் இருக்கும்.

நீங்கள் வாங்கித் தர வேண்டியது ரவுட்டர் வரை எட்டும் ஒரு லேன் கேபிள்தான். வைஃபை வழியாக பிரிட்ஜ் சரியாக வராது. இணைந்த கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டுக்கு உள்ள அடையாள எண்ணைத் தவிர வேறு முகவரியில் வருவதை வைஃபை பொதுவாக ஏற்காது. புது சர்வர் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம், பரீட்சை முடியும் வரை பத்து மணிக்கு மேல் அவன் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். அரியர் இருந்தால் பல கம்பெனிகள் கேம்பஸ் தேர்வில் உட்காரவே விடுவதில்லை. அவனிடமும் சொன்னேன், சரி என்றான்.