ரெராமா செடிக்கு 80 வெள்ளி கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ரெராமா செடி வாங்கினேன். பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இலை, அதில் சிவப்புக் கோடுகள். புற்றுநோயைக் குணமாக்கும் என்றார் கடைக்காரர். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் அத்தைக்காகத்தான் வாங்கினேன். காய்ந்த இலைப் பாக்கெட் 45 வெள்ளியாம், அதையும் வாங்கலாமா? செடிக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பாக்கெட்டை வாங்காதீர்கள். செடியின் இலையையும் அத்தைக்கு அவித்துக் கொடுக்காதீர்கள். இந்த இலைச்சாறு புற்றுநோய் உயிரணுக்களைத் தடுத்ததாக ஆய்வுகள் வந்தது உண்மைதான். ஆனால் அவை ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்கள். மனிதரின் புற்றுநோயை இது குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. கீமோ நேரத்தில் ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பாடுபடும். அதன் மேல் என்னவென்று தெரியாத கஷாயம் வேண்டாம். அத்தை ஏற்கெனவே குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

புற்றுநோயைக் குணமாக்கும் என்று மக்களிடம் விளம்பரம் செய்வதையே மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. நீரிழிவு, இருதய நோய், காசநோய் எல்லாம் அதே பட்டியலில் உண்டு. பதிவான பாரம்பரிய மருந்தின் உறையில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண் இருந்தாலும் புற்றுநோய்க்கு என்று விளம்பரப்படுத்த முடியாது.

சரி, பணம். முதலில் கடைக்காரரிடமே கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் யார் மீது வழக்கு என்று காட்டியாக வேண்டும். ரசீது வாங்கியிருக்க மாட்டீர்கள். அடுத்த சந்தையில் கடையையும் விளம்பரப் பலகையையும் படம் பிடித்து, பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்குங்கள்.

பணம் வராவிட்டாலும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். ரப்பர் கன்றுகளுக்கு நடுவே தோட்டத்தில் மூடுபயிராகக் கொடி விடுவார்களே, அதே அவரைக் குடும்பம்தான் இதுவும். அழகுக்கு வளர்க்க அருமையான செடி. விதையிலும் வரும், தண்டை வெட்டி ஈர மண்ணில் ஊன்றினாலும் வரும். இவ்வளவு சுலபமாகப் பெருகும் செடிக்கு 80 வெள்ளி மிக அதிகம். அடுத்ததை அக்கம்பக்கத்தில் ஒரு கிளை கேட்டு வாங்கி வளர்த்துக்கொள்ளுங்கள்.