சிதைந்த கிரானைட்டில் அருமண் தனிமங்கள்: கேள்வி பதில்

கேள்வி: கிரானைட்டில் கொஞ்சமாக இருக்கும் அருமண் தனிமங்கள் (லாந்தனம், செரியம் போன்ற உலோகங்கள்) அதன் களிமண்ணில் எப்படிச் சேர்கின்றன?

தென்சீனாவின் ஜியாங்சி மாகாணத்தைப் பாருங்கள். இவ்வகைப் படிவு முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான், 1969-இல். வெப்பமும் மழையும் மிகுந்த குன்றுகள் அவை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவையும் இலைமக்கின் அமிலங்களையும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. கிரானைட்டின் முக்கியக் கனிமமான ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து கயோலினைட், ஹாலோய்சைட் களிமண் ஆகிறது. அருமண் தாங்கிய அல்லனைட், சின்கைசைட், அபடைட் ஆகிய கனிமங்கள் கரைகின்றன. மேலே அமிலத்தன்மை அதிகம். களிமண்ணின் எதிர்மின்னூட்டம் குறைவு, பிடிப்பும் குறைவு. ஆழம் கூடக்கூட அமிலத்தன்மை குறைந்து பிஎச் அளவு உயர்கிறது, எதிர்மின்னூட்டமும் கூடுகிறது. மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அருமண் அயனிகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன.

கேள்வி: எந்த ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும் சார்?

மேல்மண்ணோடு நின்றுவிடாதீர்கள். முழுதும் சிதைந்த அடுக்கு வரை இறங்குங்கள். வெட்டுமுகத்தில் பாறையின் அமைப்பு அப்படியே தெரியும். கையில் பிசைந்தால் ஃபெல்ட்ஸ்பார் வெள்ளை மாவாக உதிரும், குவார்ட்ஸ் மணிகள் மட்டும் நறநறக்கும். அந்த அடுக்கின் நடுவும் கீழும்தான் பெரும்பாலும் வளமான பகுதி. மீட்டருக்கு ஒரு மாதிரி எடுங்கள்.

கேள்வி: மொத்தப் பகுப்பாய்வில் 1,200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,200 பங்கு) வந்திருக்கிறது. நல்ல படிவுதானே?

அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். செரியம் காற்றுபட்டு நான்கு இணைதிறனுக்கு மாறி, ஆக்சைடாக மேலடுக்கிலேயே தங்கிவிடும். அருமண் தாங்கிய மோனசைட், செனோடைம் கனிமங்கள் சிதையாமல் கிடந்தாலும் மொத்தம் உயரும். களிமண்ணை விட்டு உப்புக்கரைசலில் இறங்கி வருவது எவ்வளவு என்பதே கணக்கு.

மண்ணைக் காற்றில் உலர்த்துங்கள்; சூடாக்கினால் ஹாலோய்சைட் நீரிழந்து தன்மை மாறும். 40 கிராம் மண்ணுக்கு 80 மில்லி அம்மோனியம் சல்பேட் கரைசல், லிட்டருக்கு 66 கிராம் வீதம். 24 மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, உடனே சில துளி நைட்ரிக் அமிலம் விடுங்கள். தனிமங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்குக் கொடுக்குமுன் நன்றாக நீர்க்க வையுங்கள். உப்பு மிகுந்தால் அளவு குறைத்துக் காட்டும். குழாய்நீர் கூடாது: அதிலுள்ள பைகார்பனேட் அருமண்ணை வீழ்படிவாக்கிவிடும்.

உங்கள் 1,200-இல் செரியம் 500 என்று வைத்துக்கொள்வோம். மீதி 700-இல் செரியம் நீங்கலாக 420 கரைசலில் வந்தால் 60 விழுக்காடு. அது நல்ல மண். 70 மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மணவாளக்குறிச்சியில் அருமண் இருக்கிறதே, அதுவும் இதே வகையா?

இல்லை. அது கடற்கரை மணலில் உள்ள மோனசைட். எளிதில் சிதையாத பாஸ்பேட் என்பதால்தான் மணியாகவே கடல்வரை வந்து சேர்கிறது. தோரியமும் கூடவே வரும்; பிரிக்க வலுவான அமிலமோ சூடான காரமோ வேண்டும்.

கேள்வி: களிமண்ணிலிருந்து எடுப்பது சுலபம் என்றால் ஏன் இத்தனை எதிர்ப்பு?

குன்றில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விட்டு, அடிவாரத்தில் வடிநீரைப் பிடிக்கிறார்கள். ஒரு அருமண் அயனியை விடுவிக்க மூன்று அம்மோனியம் அயனிகள் வேண்டும். களிமண்ணில் ஒட்டியிருக்கும் அலுமினியமும் அம்மோனியத்தில் பங்கு கேட்கும். அடிப்பாறையில் விரிசல் இருந்தால் கரைசல் நிலத்தடி நீரில் கலந்து அம்மோனியா ஏறும். நீர் ஊறிய சரிவு சரிந்தும் விழும். மழைக்காலத்தில் கரைசல் விடுவதை நிறுத்தி, எடுத்து முடித்த பின் வடிநீரில் அம்மோனியம் குறையும்வரை சுத்தநீரால் அலசி, அந்த நீரையும் சுத்திகரிக்க வேண்டும். செலவு கருதிக் கைவிடப்படுவது இந்தக் கடைசி வேலைதான்.