வாசகர் கேள்வி பதில்: காணாமல் போகும் விபிஎன் இணைப்புகள்

லினக்ஸ் மேசைக்கணினியில் விபிஎன் இணைப்பு (இணையத்தின் வழியே பாதுகாப்பான தனிப்பாதை அமைக்கும் இணைப்பு) மறைந்துவிட்டது என்று எழுதிய வாசகர்களின் கேள்விகளில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்துள்ளேன். டெர்மினலில், அதாவது கட்டளைச் சாளரத்தில், தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். நெட்வொர்க்மேனேஜர் என்ற பெயரில் மட்டும் 'நெட்வொர்க்', 'மேனேஜர்' இரண்டின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணினி அதை அடையாளம் காணாது.

கேள்வி: ஐயா, என் கணினியில் லினக்ஸ் வெளியீட்டை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தினேன். அதன்பின் பழைய ஓப்பன்விபிஎன் இணைப்பைத் திறக்க முடியவில்லை. புதிதாக உருவாக்கப் போனால், இணைப்பு வகைகளின் பட்டியலில் ஓப்பன்விபிஎன் என்ற பெயரே இல்லை. கணினியில் எல்லாவற்றையும் மீண்டும் நிறுவ வேண்டியிருக்குமா?

பதில்: வேண்டியதில்லை. எதையும் அழிக்கவும் வேண்டாம். பெரும்பாலான லினக்ஸ் மேசைக்கணினிகளில் பிணைய வேலைகளைப் பின்னணியில் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர் என்ற சேவை. திரையின் மூலையில் நீங்கள் பார்க்கும் பட்டியலும் அமைப்புகள் சாளரமும் அந்தச் சேவையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைக் காட்டும் முகப்புகள் மட்டுமே. ஆகவே இணைப்பு இருக்கிறதா, இல்லையா என்பதை முகப்பைப் பார்த்துத் தீர்மானிக்காமல் சேவையிடமே கேட்டுவிடுவது நல்லது. டெர்மினலைத் திறந்து 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ' என்று தட்டினால், சேமிக்கப்பட்ட இணைப்புகளின் பெயர், அடையாள எண், வகை, தற்போது இயங்கும் சாதனம் ஆகிய நான்கும் வரிசையாக வரும். அங்கே உங்கள் இணைப்பின் பெயர் 'விபிஎன்' என்ற வகையுடன் இருக்குமானால், உங்கள் அமைப்புகள் பத்திரமாக இருக்கின்றன என்று பொருள்.

அப்படியானால் காணாமல் போனது செருகுநிரல், அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கப்படும் துணை நிரல். நெட்வொர்க்மேனேஜருக்கு ஓப்பன்விபிஎன் மொழி நேரடியாகத் தெரியாது; அதற்கென்று தனியாக ஒரு செருகுநிரல் நிறுவப்பட்டிருக்க வேண்டும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றில் இது இரண்டு பொதிகளாக (தனித்தனியே நிறுவும் மென்பொருள் தொகுப்புகளாக) பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று இணைப்பை உண்மையில் ஏற்படுத்தும் பகுதி. மற்றொன்று, பெயரின் கடைசியில் 'க்னோம்' என்று முடிவது, அமைப்புகள் சாளரத்தில் அந்த இணைப்பைத் திருத்துவதற்கான படிவத்தைத் தரும் பகுதி. முதலாவது மட்டும் இருந்தால் டெர்மினலிலிருந்து இணைக்க முடியும், ஆனால் சாளரத்தில் திருத்த முடியாது. 'விபிஎன் இணைப்பின் திருத்தியை ஏற்ற இயலவில்லை' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்து நிற்கும். இரண்டுமே இல்லாவிட்டால் நீங்கள் விவரித்த நிலைதான் ஏற்படும். பதிப்பு மேம்பாட்டின்போது தேவையற்றவை எனக் கருதிச் சில பொதிகள் நீக்கப்படுவதும், வெளி மென்பொருள் களஞ்சியங்கள் முடக்கி வைக்கப்படுவதும் வழக்கம் என்பதால், அங்கிருந்து நிறுவியிருந்த செருகுநிரல்களே முதலில் அடிபடுகின்றன. இரண்டு பொதிகளையும் மீண்டும் நிறுவிவிட்டு, அமைப்புகள் சாளரத்தை முழுமையாக மூடித் திறந்து பாருங்கள்.

செருகுநிரல் திரும்பிய பிறகும் இணைப்பு ஏற்படாமல் போனால் அது வேறு நோய். குறியாக்க வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் 2021-இல் வெளிவந்த 3.0 பதிப்பு, பிளோஃபிஷ் போன்ற பழைய குறியாக்க முறைகளை வழக்கொழிந்தவற்றின் வரிசைக்கு ஒதுக்கிவிட்டது. உங்கள் சேவையகம் இன்னும் அதையே எதிர்பார்க்கிறதென்றால், திருத்தம் செய்ய வேண்டிய இடம் சேவையகம்தான். உங்கள் கணினியில் பாதுகாப்பைத் தளர்த்திச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதே நிலையில் ஒருமுறை நான் பொறுமையிழந்து அதே இணைப்பை மூன்று முறை புதிதாக உருவாக்கினேன். ஒரே பெயரில் எத்தனை இணைப்புகள் இருந்தாலும் நெட்வொர்க்மேனேஜர் ஆட்சேபிக்காது, ஏனெனில் அது பெயரை வைத்தன்றி அடையாள எண்ணை வைத்தே அவற்றைப் பிரித்தறிகிறது. செருகுநிரலை நிறுவியவுடன் ஒரே பெயரில் நான்கு இணைப்புகள் என் பட்டியலில் வந்து நின்றன. சரியான கடவுச்சொல் எதில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று.

கேள்வி: பழைய கணினியிலிருந்து விபிஎன் இணைப்புக் கோப்புகளை நகலெடுத்துப் புதிய கணினியில் அதே அடைவில் வைத்தேன். கோப்பு அங்கேயே இருக்கிறது, ஆனால் இணைப்பு பட்டியலில் வரவில்லை. செருகுநிரல்கள் நிறுவப்பட்டுள்ளன.

பதில்: எட்சி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் வைத்திருப்பீர்கள் என்று கொள்கிறேன். இந்தக் கோப்புகளில் கடவுச்சொற்களும் திறவுகோல்களும் இருக்கக்கூடும் என்பதால், ரூட் பயனரை (கணினியின் முழு அதிகாரமுள்ள நிர்வாகியை) தவிர வேறு எவரும் படிக்கக்கூடிய நிலையில் உள்ள கோப்பை நெட்வொர்க்மேனேஜர் ஏற்க மறுத்துவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராமல் இது நடப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் 'யூ' விருப்பத்துடன் நெட்வொர்க்மேனேஜர் என்ற பெயரைக் கொடுத்துப் பதிவுகளைப் படித்தால், கோப்பின் அனுமதிகள் பாதுகாப்பற்றவை என்ற வரி அங்கே காத்திருக்கும். கோப்பின் உரிமையாளரை ரூட்டாகவும் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்) ஆகவும் மாற்றுங்கள். அதன்பின் 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ரீலோட்' என்ற கட்டளையை ரூட் அதிகாரத்துடன் கொடுக்க வேண்டும். அடைவில் கோப்பு ஒன்று புதிதாக வந்திருப்பதைச் சேவை தானாகக் கவனித்துக்கொண்டிருப்பதில்லை.

அதற்குப் பிறகும் தெரியாவிட்டால், கோப்பைத் திறந்து 'பர்மிஷன்ஸ்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினியில் 'எல்லாப் பயனர்களும் பயன்படுத்தலாம்' என்ற கட்டம் குறிக்கப்படாமல் இருந்திருந்தால், அந்த வரியில் உங்கள் பழைய பயனர்பெயர் எழுதப்பட்டிருக்கும். புதிய கணினியில் உங்கள் பயனர்பெயர் வேறானால், அந்த இணைப்பு உங்களுக்குரியது அன்று எனக் கருதி நெட்வொர்க்மேனேஜர் அதை உங்கள் கண்ணில் காட்டாது. சாதாரணப் பயனராகக் கேட்டால் வராத இணைப்பு, ரூட் அதிகாரம் தரும் 'சூடோ' சேர்த்துக் கேட்டால் வருகிறதென்றால் காரணம் இதுதான். வீட்டில் ஒருவர் கணக்கில் தெரியும் விபிஎன் இன்னொருவர் கணக்கில் தெரியவில்லை என்று வேறொரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கும் இதே விடை பொருந்தும். பர்மிஷன்ஸ் வரியை வெறுமையாக்கிவிட்டு மீண்டும் ரீலோட் செய்தால் போதும்.

பெயர் தெரியத் தொடங்கிய பிறகு அடுத்த தடை கடவுச்சொல். கோப்பில் கடவுச்சொல்லுக்கான கொடி (அது எங்கே சேமிக்கப்படுகிறது என்று குறிக்கும் எண்) 1 என்று இருந்தால், அந்தக் கடவுச்சொல் கோப்பில் இல்லை, பழைய கணினியில் உங்கள் பயனர் கணக்கின் சாவிக்கொத்து என்ற கடவுச்சொல் பெட்டகத்தில் தங்கிவிட்டது என்று பொருள். 0 என்றால் கோப்பிலேயே இருக்கிறது. 2 என்றால் ஒவ்வொரு முறையும் கேட்கும். சான்றிதழ்களும் இவ்வாறே பாதையாக மட்டும் குறிக்கப்பட்டிருக்கலாம். ஓப்பன்விபிஎன் அமைப்புக் கோப்பை இறக்குமதி செய்தபோது சான்றிதழ்கள் தனிக் கோப்புகளாக இருந்திருந்தால், இணைப்பு அந்த இடத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும். பதிவிறக்க அடைவைச் சுத்தம் செய்த மறுநாள் விபிஎன் செத்துப்போவதன் இரகசியம் இதுதான். சான்றிதழ்களை நிலையான ஓரிடத்தில் வைத்துவிட்டு, அங்கிருந்து இறக்குமதி செய்வது பிற்காலத் தலைவலியைத் தவிர்க்கும்.

கேள்வி: டன்0 என்ற பெயரில் ஓர் இணைப்பு என் பட்டியலில் சில நேரம் இருக்கிறது, கணினியை மறுதொடக்கம் செய்தால் இல்லை. மேலும் நீங்கள் மேலே சொன்ன அடைவு என் உபுண்டுவில் காலியாக இருக்கிறது. அழிந்துவிட்டதா?

பதில்: இவை தொடர்பற்ற இரண்டு செய்திகள். டன்0 என்பது நீங்கள் சேமித்த இணைப்பின் பெயர் அன்று; டெர்மினலிலிருந்தோ தனிச் சேவையாகவோ ஓப்பன்விபிஎன் இயங்கும்போது அது உருவாக்கும் மெய்நிகர் இடைமுகத்தின் பெயர். தான் உருவாக்காத அந்த இடைமுகத்தையும் நெட்வொர்க்மேனேஜர் கண்டுகொண்டு பட்டியலில் தற்காலிகமாகக் காட்டுகிறது. நிரல் நின்றதும் அது போய்விடும். வயர்கார்டு என்ற மற்றொரு விபிஎன் வகையை 'டபிள்யூஜி-குவிக்' கட்டளை மூலம் தொடங்குபவர்களுக்கும் இதே அனுபவம் ஏற்படும். நிலையாக வேண்டுமென்றால் அதே அமைப்புக் கோப்பை 'என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் இம்போர்ட்' மூலம் நெட்வொர்க்மேனேஜரிடம் ஒப்படையுங்கள். நெட்வொர்க்மேனேஜர் 1.16 முதல் வயர்கார்டுக்குத் தனிச் செருகுநிரல் தேவையில்லை. ஆனால் அது 'விபிஎன்' என்ற வகையில் வராமல் 'வயர்கார்டு' என்ற தனி வகையில் வருவதால், விபிஎன் வகையை மட்டும் வடிகட்டித் தேடுபவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

காலி அடைவைப் பற்றி: உபுண்டு 23.10 முதல் மேசைக்கணினிப் பதிப்பில் நெட்வொர்க்மேனேஜர் தன் இணைப்புகளை உபுண்டுவின் பிணைய அமைப்புக் கருவியான நெட்பிளானிடம் சேமிக்கிறது. எட்சி அடைவுக்குள் நெட்பிளான் என்ற அடைவில், 90-என்எம் என்று தொடங்கி அடையாள எண்ணுடன் நீளும் கோப்புகளைக் காண்பீர்கள். அவற்றைக் கண்டு, யாரோ போட்டுவிட்ட குப்பை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

கேள்வி: இணைப்பு பட்டியலில் எப்போதும் இருக்கிறது. ஆனால் மடிக்கணினியை மூடித் திறந்தால் விபிஎன் துண்டிக்கப்பட்டுவிடுகிறது, தானாக மீள்வதில்லை. சில நாள்களில், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் அறுந்துவிடுகிறது.

பதில்: உறக்கநிலைக்குப் போகும்போது நெட்வொர்க்மேனேஜர் இணைப்புகளை அவிழ்த்துவிடுகிறது. விழித்ததும் வைஃபை தானாக ஒட்டிக்கொள்ளும். செருகுநிரல் வழி இயங்கும் விபிஎன் அப்படிச் செய்யாது. அதைத் தானாக எழுப்ப வேண்டுமானால், அடிப்படை வைஃபை இணைப்பின் அமைப்பில் 'செகண்டரிஸ்' என்ற பண்பில் விபிஎன்னின் அடையாள எண்ணைச் சேர்க்க வேண்டும். இணைப்புத் திருத்தியில் 'தானாக விபிஎன்னுடன் இணை' என்ற கட்டம் செய்வதும் இதையே. ஒரு எச்சரிக்கை: இப்படிச் சேர்த்த விபிஎன் ஏற்படத் தவறினால் வைஃபை இணைப்பும் தோல்வி என்றே கொள்ளப்படும் என்பதால், கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு இதைச் செய்யுங்கள். வைஃபை ஒரு கணம் தடுமாறும்போதும் விபிஎன்னைக் கைவிடாமல் காக்க 'விபிஎன்.பெர்சிஸ்டென்ட்' என்ற பண்பை 'யெஸ்' ஆக்கலாம். ஆனால் செருகுநிரல் அதை ஆதரித்தால்தான் பயன் உண்டு.

சும்மா இருக்கும்போது அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடையிலுள்ள ரௌட்டர். சற்று நேரம் போக்குவரத்து இல்லாத யூடிபி (விபிஎன்கள் பயன்படுத்தும் ஒரு தகவல் அனுப்பும் முறை) உரையாடலை அது மறந்துவிடுகிறது. அதன்பின் சேவையகம் அனுப்பும் தகவல் உங்களை வந்தடைவதில்லை. வயர்கார்டில் அந்தச் சேவையகத்துக்குரிய பகுதியில் 'பெர்சிஸ்டென்ட்-கீப்அலைவ்' என்பதை 25 விநாடி என்று வைத்தால் அந்த நினைவு மங்காது. ஓப்பன்விபிஎன்னில் இதற்கான 'கீப்அலைவ்' மதிப்பைச் சேவையகமே அனுப்புவது வழக்கம் என்பதால், அங்கே அறுந்தால் சேவையகத்தை நிர்வகிப்பவரிடம் நேரம் குறித்த பதிவுகளோடு செல்லுங்கள். துண்டிப்பு நிகழ்ந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிமிடத்தையொட்டிய ஜர்னல்சிடிஎல் வரிகளை மட்டும் வெட்டியெடுத்துத் தந்தால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.