வாசகர் கேள்வி பதில்: ‘படிச்சு என்ன ஆகப்போகுது?’

கேள்வி: என் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் நன்றாகவே படித்தவன், இப்போது கல்லூரியிலிருந்து வந்ததும் கைப்பேசியோடு படுத்துவிடுகிறான். கேட்டால் ‘படிச்சு என்ன ஆகப்போகுது?’ என்கிறான். வங்கித் தேர்வில் தேறினால் பைக் வாங்கித் தருவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். பயிற்சி மையத்தில் சேர்த்தும் ஒரு மாதம்கூடப் போகவில்லை. அவனுக்கு எப்படி ஊக்கமூட்டுவது?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், விருதுநகர்

பதில்: சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன், உங்கள் மகன் கேட்பதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் மதிப்பெண்ணுக்காக மட்டுமே படிக்கப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, பிளஸ் டூ முடிவு வந்த நாளோடு படிப்பதற்கான காரணமும் தீர்ந்துபோகிறது. அந்த இடத்தில் வேறொரு காரணம் வந்து அமரும்வரை இந்தச் சலிப்பு இருக்கத்தான் செய்யும்.

பைக் அந்தக் காரணமாக ஆகாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் விடைகண்டதற்குப் பணம் தந்தார். பணம் நிறுத்தப்பட்ட பிறகு அவர்கள், முதலில் தாமாக விரும்பி விளையாடிய அதே புதிரில் முன்பைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். பின்னாளில் அவரும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து, மனிதரை உள்ளிருந்து இயக்குபவை மூன்று என்றார்கள்: தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற அனுபவம், தன்னை மதிப்பவர்களோடு உள்ள பிணைப்பு. வங்கித் தேர்வை அப்பா தேர்ந்தெடுத்தார், பயிற்சி மையத்தை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். மகன் தேர்ந்தெடுத்தது எது என்று யோசித்துப் பாருங்கள்.

குறிக்கோளைக் கண்டுபிடித்த பிறகுதான் உழைப்பு வரும் என்று நாம் நம்புகிறோம். நான் பார்த்தவரையில் பெரும்பாலான இளைஞர்களுக்கு அது தலைகீழாகவே நடக்கிறது. தன் வேலையின் முடிவுக்காக யாரோ ஒருவர் காத்திருக்கிறார் என்ற நிலையில் கொஞ்ச காலம் இருந்த பிறகே, இதைத் தொடரலாமா வேண்டாமா என்று அவர்களால் சொல்ல முடிகிறது. உங்கள் ஊர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் வற்றலுக்கும் பேர்போன வணிக ஊர். கமிஷன் மண்டியிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ மாலை நேரங்களில் இரண்டு மாதம் உட்கார இடம் கேளுங்கள்; எந்த இடம் என்பதை மட்டும் அவன் முடிவு செய்யட்டும். வகுப்பில் வெறும் பாடமாக இருக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு, ஒரு வியாபாரி அபராதம் கட்டாமல் தப்பிப்பதற்கான வேலையாக அங்கே மாறியிருக்கும். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும் நஷ்டமில்லை. எது தனக்கு ஒத்துவராது என்று இருபது வயதுக்குள் அறிவதும் பெரிய லாபமே. வீட்டில் ‘என்ன ஆகப்போகிறாய்?’ என்பதை விட்டுவிட்டு, ‘இன்றைக்கு என்ன வேலை நடந்தது?’ என்று கேளுங்கள். சொந்தக்காரப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதை அறவே நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குலைந்து, நண்பர்களையும் தவிர்த்து, ‘இருந்து என்ன பயன்’ என்பது போன்ற பேச்சு வந்தால், அது ஊக்கக் குறைவு அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரையும் உடனே பாருங்கள்.

கேள்வி: எதில் ஆர்வம் என்றே எனக்குத் தெரியவில்லை. நண்பர்கள் எல்லோரும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறார்கள். நானும் சேர்ந்துகொள்ளலாமா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: அரசுப் பணி நல்ல குறிக்கோள்தான்; ஆனால் கூட்டத்தோடு போய்ச் சேர்வதற்கான இடம் அல்ல. 7,301 இடங்களோடு அறிவிக்கப்பட்ட 2022 குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டபோதும் மிகப் பெரும்பாலோர்க்கு வாய்ப்பில்லை. எழுதுவதென்றால் எத்தனை முறை எழுதுவேன் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு திறனையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்வத்தை அறைக்குள் உட்கார்ந்து தேட வேண்டாம். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டபோது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தங்கள் தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தர லட்சக்கணக்கானோர் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொரோனாவில் எழுத்து மறந்த குழந்தை மீண்டும் வாசிப்பதைத் தினமும் கண்ணெதிரே பார்ப்பவருக்கு, ஆசிரியர் வேலை தனக்கு ஏற்றதா என்பது தானாகவே தெளிவாகிவிடும். உங்கள் கல்லூரியிலும் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கும். ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் ஏற்பாடு. சான்றிதழுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், முகாமில் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கி முழுதாகச் செய்து பாருங்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் எதிர்காலம் பற்றிப் பேசினால் ‘எங்களுக்கு எதுக்கு சார்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– அரசுப் பள்ளி ஆசிரியர், தருமபுரி

பதில்: இதில் ஊக்கமூட்டும் பேச்சைவிடத் தகவலே அதிகம் உதவும், ஐயா. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம் என்பதைப் பல வீடுகளில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்பில் சேருவோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்களில், மாணவிகளுக்கான புதுமைப் பெண் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கப்பட்டன. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. இவற்றை நீங்கள் சொல்வதைவிட, உங்கள் பள்ளியிலேயே படித்து ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போன ஒருவர் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அவரை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே, பெற்றோர்களும் வரக்கூடிய ஒரு மாலையில் அழையுங்கள். முதல் மாதச் சம்பளம், விடுதிச் சாப்பாடு, தோற்ற பாடம் என எதை வேண்டுமானாலும் மாணவர்கள் கேட்கட்டும்.