அம்பாசடர் கியர் பாக்ஸ்: சரி செய்வதா, மாற்றிவிடுவதா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1972 அம்பாசடர் மார்க் 2 என்னிடம் இருக்கிறது. மாதம் இரண்டு மூன்று முறை கோயில், கல்யாணம் என்று எடுப்பேன். இப்போது முதல் மூன்று கியரிலும் ஊளைச் சத்தம், நாலாவதில் சத்தமே இல்லை. இரண்டாவது போட்டால் கரகரக்கிறது. மூன்றாவது சில நேரம் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னாளில் வந்த அம்பாசடரின் இசுசு (ஜப்பான் கம்பெனி) ஐந்து கியர் பாக்ஸ் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் ரிப்பேர் செய்யலாம் என்கிறார். எது சரி?

பதில்: நாலாவதில் சத்தமே இல்லை என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டியில் நாலாவது கியர் நேரடி இணைப்பு. இன்ஜின் பக்கத்துத் தண்டும் பின்பக்கம் போகும் தண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். மற்ற மூன்று கியரிலும் இழுவை முழுக்கக் கீழே இருக்கும் லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டு வழியாகத்தான் போக வேண்டும். அதனால் தேய்மானம் அங்கேதான். அந்தத் தண்டில் ஊசி பேரிங் ஓடும் இடம் குழி விழுந்திருக்கும். நாலு கியரிலும் ஊளை, ஆக்சிலரேட்டரை விட்டால் சத்தம் மாறுகிறது என்று சொல்லியிருந்தால் நான் கியர் பாக்ஸையே விட்டுவிட்டுப் பின் அச்சில் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

மற்ற இரண்டு தொல்லைகளும் பெட்டிக்கு வெளியிலிருந்தே வரலாம். கரகரப்புக்கு ஒரு சோதனை: இன்ஜின் ஓடட்டும், வண்டி நிற்கட்டும், கிளட்ச்சை முழுக்க மிதித்து மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ, அதாவது கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் பித்தளை ரிங், கிடையாது. கடகடவென்று இடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். முதலில் அதை அட்ஜஸ்ட் செய்யுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் இரண்டாவது கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது.

மூன்றாவது கழல்வதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் லீவரிலிருந்து பெட்டி வரை போகும் ராடுகளையும் அவற்றின் புஷ்களையும். ஐம்பது வருடத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்துவிடும். லீவர் முழுக்கப் போனது போல இருக்கும், உள்ளே கியர் முக்கால்வாசிதான் விழுந்திருக்கும். இன்ஜினையும் பெட்டியையும் தாங்கும் மவுன்ட் ரப்பர் செத்துப் போயிருந்தாலும் இதே கதைதான். வேறொரு பட்டறையில் மாற்று கியர் பாக்ஸுக்கு அட்வான்ஸே கொடுத்துவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு புஷ் மாற்றினேன், வண்டி ஓடிவிட்டது. இது சரியில்லை என்றால்தான் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் ராடைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும், அதற்கப்புறம் கியரின் பூட்டுப் பற்களும்.

பிரிப்பதற்கு முன் ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்துக் காந்தத்தை விட்டுப் பாருங்கள். கறுப்பு மசி மாதிரி ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் தூள் மினுங்கினால் சின்க்ரோ ரிங். இரும்புச் சில்லு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது, அதன்பின் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

சரி, முடிவுக்கு வருவோம். என் கருத்து ரிப்பேர்தான். பேரிங், சீல், சின்க்ரோ ரிங், லே ஷாஃப்ட் தண்டு, இவ்வளவுதான் தேவை என்றால் யோசிக்கவே வேண்டாம். பேரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும், அதைக் குறித்துக்கொண்டு பேரிங் கடைக்கே போகலாம். லே ஷாஃப்ட் தண்டின் மேல் சுற்றும் கியர் கொத்து மட்டும் ஒரே துண்டு. அதில் ஒரு பல் போனாலும் முழுக் கொத்தையும் மாற்ற வேண்டும். அந்த நிலை வந்தால் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடத்தில் இதே மாடலின் பழைய பெட்டி ஒன்று வாங்குங்கள். அதை அப்படியே மாட்டிவிடாதீர்கள், அதுவும் உங்களுடையது போலத் தேய்ந்ததாகவே இருக்கலாம். இரண்டையும் பிரித்து நல்லதைப் பொறுக்கி ஒன்றாகக் கட்டச் சொல்லுங்கள். உறையில் விரிசல், அல்லது கொத்தும் மெயின் ஷாஃப்டும் (பின்பக்கம் போகும் தண்டு) சேர்ந்து போய்விட்டன என்றால் மட்டும் முழு மாற்று.

இசுசு யோசனை கெட்டதல்ல, உங்களுக்குப் பொருந்தாது. அந்த ஐந்து கியர் பாக்ஸ் 1990களில் வந்த 1817 சிசி இன்ஜினுக்குச் செய்தது. உங்கள் 1489 சிசி இன்ஜினோடு அது நேராகப் பொருந்தாது. இடையில் தகடு, பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம், மவுன்ட் என்று லேத் பட்டறைக்கு நடந்துகொண்டே இருப்பீர்கள். கடைசியில் பலரும் இன்ஜினையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் திருத்த வேண்டும். இசுசு பெட்டியில் லீவர் தரைக்கு வருவதால் தரைத் தகட்டையும் வெட்ட வேண்டியிருக்கும். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டிய கார் ‘விண்டேஜ்’ பதிவு பெறலாம். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கல்யாணத்துக்கு எடுத்துப் போவதும் சிக்கல், அதனால் நீங்கள் இப்போது அதை விரும்பமாட்டீர்கள். இருந்தாலும் வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்குவது கஷ்டம். தினமும் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டி என்றால் நானே இசுசு பக்கம் சாய்ந்திருப்பேன்.

பெட்டியை இறக்கும் கூலி எப்படியும் உண்டு. அதனால் இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின் சீல், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் யூ ஜாயின்ட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆயில் விஷயத்தில் வண்டியோடு வந்த கையேடு சொல்வதையே ஊற்றுங்கள். கடைக்காரர் ‘இதுதான் ஒசத்தி’ என்று ஜி.எல்.5 என்ற தர கியர் ஆயில் கொடுத்தால் வேண்டாம், அதிலுள்ள ரசாயனம் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. இவ்வளவு செய்த பிறகும் முதல் கியரில் கொஞ்சம் ஊளை இருக்கும். அதன் பற்கள் நேராக வெட்டியவை, சின்க்ரோவும் இல்லை. புது வண்டியாக வந்த நாளிலும் அப்படித்தான் கத்தியிருக்கும். அதற்காக மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டி முழுக்க நின்ற பிறகு முதல் கியர் போடுங்கள், போதும்.